27 கதை ஓடியும் வீடு திரும்பாத ஆறு பிள்ளைகள்: முடிவே சொல்லாமல் விட்டது சரியா?

வடகரையான்

இரண்டு மாதமாகச் சனிக்கிழமை காலைகளில் நானும் என் மகளும் ஒரு பழைய அமெரிக்கக் கார்ட்டூனை டிவிடியில் போட்டுப் பார்த்து வந்தோம். அவளுக்கு ஒன்பது வயது. தொடரின் பெயர் 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1983 செப்டம்பர் 17 அன்று தொடங்கி, 1985 டிசம்பர் 7 அன்று நின்றுபோனது. முதல் வருடம் 13 கதை, அடுத்த வருடம் 8, மூன்றாம் வருடம் 6. ஆக மொத்தம் 27.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு பிள்ளைகள் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் சவாரி ஒன்றில் ஏறுகிறார்கள். பாதி வழியில் வேறோர் உலகம் வாயைத் திறந்து அவர்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அங்கே டன்ஜியன் மாஸ்டர் என்ற குள்ளமான பெரியவர் ஆளுக்கொரு மந்திர ஆயுதம் கொடுக்கிறார். ஹேங்குக்கு வில், எரிக்குக்குக் கேடயம், டயானாவுக்குக் கோல், பிரெஸ்டோவுக்குத் தொப்பி, ஷீலாவுக்கு ஆளை மறைக்கும் போர்வை, அவளுடைய தம்பி பாபிக்குத் தடி. யூனி என்று ஓர் ஒற்றைக்கொம்புக் குதிரைக்குட்டியும் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆயுதங்களைப் பறிக்க வெஞ்சர் என்ற மந்திரவாதி துரத்திக்கொண்டே இருக்கிறான். பிள்ளைகளுக்கு இருப்பது ஒரே ஆசை: எப்படியாவது வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும்.

போன வாரம் 27ஆவது கதை முடிந்தது. மகள் "அடுத்தது போடுப்பா" என்றாள். அடுத்தது இல்லை, அவ்வளவுதான் எடுத்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ அவங்க அம்மாவெல்லாம் இன்னும் தேடிக்கிட்டே இருப்பாங்களா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு கோபம் மனதில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு குழந்தையிடம் "இந்தப் பிள்ளைகள் வழி தவறிவிட்டார்கள், வா, வீடு சேரும்வரை கூட நட" என்று சொல்லி மூன்று வருடம் நடக்கவைத்துவிட்டு, பாதியில் கையை விட்டுவிட்டுப் போனது தப்பு. பெரியவர்களுக்கான தொடர் பாதியில் நின்றால் நாம் தாங்கிக்கொள்வோம். சிறுவர் தொடரில் இப்படிச் செய்யக் கூடாது. இதைத் துரோகம் என்றே சொல்வேன்.

பகடை

வடகரையான் அண்ணா, உங்கள் மகளின் கேள்வி என்னையும் என்னவோ செய்துவிட்டது. ஆனால் 'துரோகம்' என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்தக் காலத்துச் சனிக்கிழமைக் காலை ஒளிபரப்பு எப்படி நடந்தது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு 13 கதை வாங்குவார்கள். அதையே திரும்பத் திரும்பப் போட்டு வருடத்தை ஓட்டுவார்கள். தொடர் பிடித்துப்போனால் அடுத்த வருடம் புதிதாகக் கொஞ்சம் சேர்த்து, பழையதோடு கலந்து போடுவார்கள். 13, 8, 6 என்று குறைந்துகொண்டே வந்ததன் காரணம் அதுதான். பெட்டியில் பழையது சேரச் சேரப் புதிதின் தேவை குறைந்துவிடும். எந்தக் கதையை எந்த வாரம் போட்டாலும் பொருந்த வேண்டும். இந்த ஏற்பாட்டில் 'வீட்டுக்குப் போய்விட்டார்கள்' என்று ஒரு கதை எடுத்தால் என்ன ஆகும்? இந்த வாரம் வீட்டில் இருப்பார்கள், அடுத்த வாரம் மறுபடி குகையில் இருப்பார்கள். குழந்தைகள்தான் குழம்பிப்போவார்கள். அன்று வந்த சனிக்கிழமைத் தொடர்களில் முடிவு சொல்லாமல் நின்றவைதான் ஏராளம்.

இன்னொன்று. இந்தத் தொடர் பிறந்தது இதே பெயருள்ள ஒரு மேசை விளையாட்டிலிருந்து. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்டது. நான் ஏழு வருடமாக நண்பர்களோடு ஆடுகிறேன். இந்த விளையாட்டில் ஜெயித்து முடிப்பது என்று ஒன்று கிடையாது. ஒரு கும்பல், ஒரு உலகம், சேர்ந்து நடப்பது. கதை தொடரும், சில சமயம் ஆள் ஊர் மாறிப்போனால் நின்றுவிடும். நின்றது என்பதற்காக அதுவரை நடந்தது பொய்யாகிவிடாது. அந்தத் தொடரிலும் எத்தனையோ கதைகளில் வீட்டு வாசல் கண்ணெதிரே திறக்கிறது, யாரோ ஒருவரைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள். அந்தத் திரும்பல்தான் அந்தக் கதைகளுக்கு முடிவு.

வடகரையான்

தம்பி, மறுஒளிபரப்புக் கணக்கு எனக்கும் புரிகிறது. அது நிலையத்தின் சௌகரியம். குழந்தைக்கு அதில் என்ன நியாயம் இருக்கிறது?

முடிவு எழுத ஆள் இல்லாமலும் இல்லை. அந்தத் தொடருக்கு நிறைய எழுதிய மைக்கேல் ரீவ்ஸ், 'ரெக்வியம்' என்று கடைசிக் கதைக்குத் திரைக்கதையே எழுதி முடித்துவிட்டார். அதற்குள் தொடரை நிறுத்திவிட்டார்கள், அதனால் எடுக்கவில்லை. பிற்பாடு அவரே அதைத் தன் இணையதளத்தில் போட்டார். 2006இல் வந்த டிவிடித் தொகுப்பில் அதை ஒலி நாடகமாகவும் சேர்த்தார்கள், ஷீலாவுக்கு முதலில் குரல் கொடுத்த கேட்டி லீயே அதிலும் பேசினார். ரீவ்ஸ் 2023இல் காலமாகிவிட்டார். இருபது நிமிடப் படம். அதற்குக்கூடவா பணம் இல்லாமல் போயிற்று?

பகடை

'ரெக்வியம்' படித்திருக்கிறீர்கள் என்றால் விவாதம் எளிது அண்ணா. அதன் கடைசிப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். வெஞ்சர் தீமையிலிருந்து விடுபடுகிறான். அவன் டன்ஜியன் மாஸ்டரின் மகன் என்பது வெளியாகிறது. வீட்டுக்கான வழி திறக்கிறது. போகலாம், அல்லது இங்கேயே இருந்து மிச்சம் இருக்கும் தீமையோடு போராடலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லப்படுகிறது. அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ரீவ்ஸ் எழுதவே இல்லை. தொடர் நின்றால் முடிவாகவும், தொடர்ந்தால் புதிய தொடக்கமாகவும் பொருந்த வேண்டும் என்றுதான் அப்படி எழுதியிருக்கிறார்.

அதாவது, முடிவை எழுதியவரே முடிக்கவில்லை. "அம்மா இன்னும் தேடுவாங்களா" என்ற கேள்விக்கு அங்கேயும் பதில் இல்லை.

வடகரையான்

இருக்கிறது. எத்தனையோ கதைகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் திறக்கும் கதவுக்காகக் காத்திருக்கிறார்கள். கதவு திறக்கும், யாரோ ஒருவர் ஆபத்தில் இருப்பார், மூடிக்கொள்ளும். 'ரெக்வியம்' கதையில் கதவு மூடாமல் நிற்கிறது, போவதும் இருப்பதும் உங்கள் இஷ்டம் என்று சொல்லப்படுகிறது. அதுதான் முடிவு. எந்தப் பக்கம் போனார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. போக முடியும் என்று தெரிந்தால் போதும். என் மகளிடம் அதையாவது சொல்ல முடியும். நின்றுபோன தொடரில் அது இல்லை.

செவ்வந்தி

இரண்டு பேரும் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தத் தொடரில் எனக்கு உறுத்துவது வேறு. எரிக்.

நான் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் வகுப்புப் பிள்ளைகளுக்காக இந்தத் தொடரில் நான்கைந்து கதைகளைப் போட்டுக் காட்டலாமா என்று யோசித்து முழுவதும் பார்த்தேன். காட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

எரிக் என்ன செய்கிறான் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பாருங்கள். "இது ஆபத்து, வேண்டாம்" என்பான். "அந்தப் பெரியவர் விடுகதை போட்டுவிட்டு மறைந்துவிடுகிறார், நேராகச் சொன்னால் என்ன" என்பான். "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள் அல்லது முகம் சுளிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவன் சேற்றில் விழுவான், இல்லையென்றால் மந்திரத்தில் வேறு உருவம் ஆவான். கடைசியில் எரிக் தப்பு, கும்பல் சரி.

இது தற்செயலாக அமைந்ததில்லை. இந்தத் தொடரை ஆரம்பத்தில் வடிவமைத்தவர்களில் ஒருவரான மார்க் எவானியர் பிற்பாடு வெளிப்படையாக எழுதியிருக்கிறார். சிறுவர் நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று நெருக்கிய பெற்றோர் அமைப்புகளும் ஆலோசகர்களும் அந்தப் பாடத்தை வற்புறுத்தினார்களாம்: குழு எப்போதும் சரி, குறை சொல்பவன் எப்போதும் தப்பு. அந்தப் பாடத்தைச் சுமக்கத்தான் எரிக் உருவானான். அதில் தனக்கு உடன்பாடே இல்லை என்றும் எவானியர் எழுதியிருக்கிறார். பிறகு 'கார்ஃபீல்ட் அண்ட் ஃபிரெண்ட்ஸ்' தொடருக்கு எழுதியபோது, எதற்கும் முரண்படாமல் ஒரே குரலில் பாடும் கரடிக் கூட்டம் ஒன்றைப் படைத்து இந்த எண்ணத்தையே குத்திக் காட்டினார்.

கும்பலோடு ஒத்துப்போ என்பது ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாத பாடம். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். சுற்றுலாவுக்குப் போகும்போது பேருந்தின் டயரைப் பார்த்து "சார், இது சரியில்ல" என்று சொன்ன ஒரே பிள்ளை அவன். மற்றவர்கள் கத்தி அவனை உட்கார வைத்தார்கள். நாங்களும் கேட்கவில்லை. ஊர் எல்லை தாண்டுவதற்குள் டயர் வெடித்தது, நல்லவேளை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எரிக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வரும்.

நீலமேகம்

செவ்வந்தி அம்மாவுக்கு வணக்கம். நான் எதிர்த்தரப்பிலிருந்து பேச வேண்டியவன், ஏனென்றால் அந்தத் தொடரை அது வந்த காலத்திலேயே பார்த்தவன். 1984இல் எனக்கு எட்டு வயது, நியூ ஜெர்சியில் இருந்தோம்.

அந்த வருடங்களில் அமெரிக்காவில் அந்தப் பெயரைச் சுற்றி எவ்வளவு பயம் இருந்தது என்பது இங்கே யாருக்கும் முழுதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வர்ஜீனியாவில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், அந்த விளையாட்டுதான் காரணம் என்று நம்பி 1983இல் அதற்கு எதிராக ஓர் அமைப்பே தொடங்கினார். தொலைக்காட்சி வன்முறையை எதிர்க்கும் தேசியக் கூட்டமைப்பு ஒன்று 1985இல் இந்தக் கார்ட்டூன் மீதே பாய்ந்தது. ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும், இந்த விளையாட்டுக்கும் நிஜச் சாவுகளுக்கும் தொடர்பு இருப்பதாக எச்சரிக்கை போட வேண்டும் என்று அரசாங்கத்திடம் கேட்டது. அதே வருடம் '60 மினிட்ஸ்' என்ற செய்தி நிகழ்ச்சி அந்த விளையாட்டைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. '60 மினிட்ஸ்' எந்த நிலையத்தில் வந்தது தெரியுமா? அதே சிபிஎஸ். சனிக்கிழமை காலை கார்ட்டூன், ஞாயிறு மாலை குற்றச்சாட்டு.

எங்கள் தெருவில் பல வீடுகளில் அந்தத் தொடர் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் அம்மா அமெரிக்கா வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய், ஒரு சனிக்கிழமை எங்களோடு உட்கார்ந்து ஒரு கதையை முழுதாகப் பார்த்தார். இங்கிலீஷ் பாதிதான் புரிந்திருக்கும். முடிந்ததும் "யாரும் யாரையும் குத்தலையே, பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

யாரும் யாரையும் குத்தாததற்குக் காரணம் நீங்கள் குறை சொல்லும் அந்தக் கெடுபிடிதான். ஹேங்கின் அம்பு யார் உடம்பிலும் தைக்காது. ஒளிக்கயிறாக மாறி ஆளைக் கட்டும், பள்ளத்தில் விழுகிறவனைத் தாங்கும். பாபியின் தடி தரையைத்தான் அடிக்கும், நிலம் அதிர்ந்து எதிரி தடுமாறுவான். ஷீலா போன்ற பாத்திரத்துக்கு விளையாட்டில் உள்ள பட்டம் திருடி, தொடரில் அவள் பெரும்பாலும் மறைந்து போய் வருபவள்தான். அடிக்க முடியாதபோது எழுத்தாளர்கள் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனைதான் எனக்குப் பிடித்தது. அந்தக் கெடுபிடி இல்லாவிட்டால் எங்கள் அம்மா டிவியை அணைத்திருப்பார், நான் இன்று இந்த விவாதத்தில் இருக்கவே மாட்டேன்.

செவ்வந்தி

நீலமேகம் சார், உங்கள் அம்மாவின் ஒரு வரியில் எவ்வளவு நிதானம்! ஊர் சொன்னதை நம்பாமல் தானே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். யோசித்துப் பாருங்கள், அந்தத் தெருவில் அவர்தான் எரிக்.

நீங்கள் சொல்லும் கெடுபிடியை நான் எதிர்க்கவில்லை. கையைக் கட்டியது ஒன்று, வாயைக் கட்டியது இன்னொன்று. அம்பு தைக்கக் கூடாது என்பது கையைக் கட்டுவது. அதற்கு நானும் சம்மதம். சந்தேகம் கேட்பவன் ஒவ்வொரு வாரமும் அவமானப்பட வேண்டும் என்பது வாயைக் கட்டுவது. இரண்டும் ஒரே அமைப்புகளிடமிருந்து வந்தன என்பதால் இரண்டுக்கும் ஒரே மரியாதை கொடுக்க முடியாது.

கேடயத்தையும் கவனியுங்கள். எரிக்குடையது தாக்குவதற்கான ஆயுதமில்லை, தடுப்பதற்கானது. முணுமுணுத்துக்கொண்டே வந்தாலும், நெருப்பு வரும்போது முன்னால் போய் நிற்பது அவன்தான், அவன் முதுகுக்குப் பின்னால்தான் மற்ற ஐந்து பேரும். எழுத்தாளர்கள் விதியை மீறாமலே அவனுக்குச் செய்த நியாயம் அதுவாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். எலும்புக்கூட்டு வீரன் வரும் கதையில் ஒவ்வொருவரும் தங்கள் பெரிய பயத்தைச் சந்திக்கிறார்கள். ஷீலாவுக்குத் தனிமை, டயானாவுக்கு முதுமை. எரிக்குக்கு என்ன? எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிப்பது. தொடர் முழுக்க அவனுக்கு நடந்ததே அதுதான்!

நீலமேகம்

எங்கள் அம்மாவை அப்படிச் சொன்னது மனதுக்கு இதமாக இருந்தது அம்மா. கையும் வாயும் வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. எட்டு வயதில் எனக்கு எரிக்கைத்தான் மிகவும் பிடிக்கும். என் தங்கைக்கும் அப்படியே. பாடம் என்று அவர்கள் எதைத் திணித்தார்களோ, அது எங்கள் தலையில் ஏறவில்லை. குழந்தைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் உங்கள் வகுப்பில் போட்டுக் காட்டியிருந்தால், அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் எரிக்கைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான் என்றே தோன்றுகிறது.

செவ்வந்தி

உட்கார்ந்திருக்கலாம். அவனைப் பார்த்து மற்ற முப்பது பேரும் 'எரிக்' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கலாம். அதை யோசித்துத்தான் காட்டவில்லை.

பகடை

நீலமேகம் சாரிடம் ஒரு கேள்வி. கெடுபிடி நல்லது என்றால் 'த டிராகன்ஸ் கிரேவ்யார்ட்' கதையை என்ன செய்வீர்கள்? அதுவும் ரீவ்ஸ் எழுதியதுதான்.

மறுபடியும் வீட்டு வழி கைநழுவிப் போகிறது. பிள்ளைகளுக்குப் பொறுமை தீர்ந்துவிடுகிறது. இனி ஓடக் கூடாது, வெஞ்சரை எதிர்கொண்டு இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று தீர்மானிக்கிறார்கள். டிராகன்களின் இடுகாட்டுக்குப் போய், டியாமாட் என்ற ஐந்து தலை டிராகனின் துணையோடு நிற்கிறார்கள். அவனைக் கொன்றுவிடுவது பற்றியே அவர்கள் யோசிப்பதால், அந்தத் திரைக்கதை கிட்டத்தட்ட மூட்டைகட்டி வைக்கப்பட்டது. கடைசியில் என்ன நடக்கிறது? வெஞ்சர் ஹேங்கின் கையில் அகப்படுகிறான். ஹேங்க் அவனை விட்டுவிடுகிறான்.

அந்தக் கதையில் ஹேங்க் விடுவதற்கு அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் கொல்ல முடியும் என்ற நிலைக்கு அவன் வந்திருக்கிறான். மற்ற கதைகளில் அம்பு தைக்காமல் போவது விதி. இங்கே மட்டும் அவனுடைய முடிவு. தணிக்கைக்காரர்கள் அன்று பிடிவாதமாக இருந்திருந்தால் தொடரின் ஆகச் சிறந்த கதை நமக்குக் கிடைத்திருக்காது.

நீலமேகம்

அந்தக் கதை எனக்கும் தெரியும் தம்பி. கொஞ்சம் பயந்துகொண்டே பார்த்த நினைவு. நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது வெளியே வந்தது. யாரோ ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்து படித்துப் பார்த்து, 'சரி, இருக்கட்டும்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். கெடுபிடி வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். படித்துப் பார்க்கத் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்றால் ஏற்கிறேன்.

தாமிரா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். வடகரையான் அண்ணன் சொன்ன முடிவு விஷயத்துக்கு ஒரு சாட்சி இருக்கிறது. பிரேசில்.

நான் சாவோ பாலோவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அங்கே இந்தத் தொடரின் பெயர் 'கவெர்னா டோ டிராகாவ்', டிராகனின் குகை என்று பொருள். குளோபோ தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு, ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் இதைப் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், அங்கே அலுவலகத்தில் வெஞ்சர் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும்.

முடிவு சொல்லாததால் அங்கே என்ன நடந்தது தெரியுமா? முடிவைத் தாங்களே கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் அந்தச் சவாரியிலேயே செத்துவிட்டார்கள், அந்த உலகம்தான் நரகம், டன்ஜியன் மாஸ்டர்தான் சாத்தான் என்று ஒரு வதந்தி. என்னோடு வேலை பார்த்த பெண் பத்து வயதில் அதைக் கேட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்றாள். ரீவ்ஸே அதை மறுக்க வேண்டியிருந்தது. காலியாக விட்ட இடத்தை ஊர் இப்படித்தான் நிரப்பியது.

2019இல் ரெனோ கார் நிறுவனம் அங்கே ஒரு விளம்பரம் எடுத்தது. நிஜ நடிகர்கள், அதே உடைகள், அதே ஆயுதங்கள். அந்த ஆறு பேரும் குவிட் காரில் ஏறித் தப்பித்து வீடு சேர்கிறார்கள். கார் விற்க எடுத்த படம்தான். ஆனால் முப்பது வருடம் கழித்து அவர்கள் பூங்காவுக்குத் திரும்பியதைப் பார்த்து முப்பத்தைந்து, நாற்பது வயதுக்காரர்கள் அழுதார்கள், என் கண்ணால் பார்த்தேன்.

வடகரையான்

தாமிரா, நன்றி. நான் சொல்ல வந்தது இதைத்தான். முடிவு சொல்லாமல் விட்டால் குழந்தைகள் விட்டுவிட மாட்டார்கள். எங்கிருந்தாவது ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். நல்லது கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பகடை

பிரேசில் கதையை நான் வேறு மாதிரி படிக்கிறேன். 27 கதை கொண்ட ஒரு தொடர் 1985இல் வீட்டுக்குப் போய் முடிந்திருந்தால், 2019இல் அதை யார் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? 2023இல் இதே விளையாட்டை வைத்து வந்த 'ஹானர் அமங் தீவ்ஸ்' திரைப்படத்திலும் அதே உடைகளில் அந்தப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் வந்து போகிறார்கள். முடிந்த கதைக்கு இந்த இடம் கிடைத்திருக்காது. வதந்தி கொடுமைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை.

தாமிரா

தம்பி, அந்தப் பத்து வயதுப் பெண் தூங்காத இரவுகளைக் கொடுத்து வாங்க வேண்டிய அளவுக்கு அந்த நினைவு பெரிதா?

பகடை

இல்லை அக்கா. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

செவ்வந்தி

நேற்று இரவு 'ரெக்வியம்' கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். உங்கள் விவாதத்தில் யாரும் சொல்லாத ஒன்று அதில் இருக்கிறது. குழு இரண்டாக உடைகிறது. வெஞ்சர் சொன்ன வழியில் போகலாமா கூடாதா என்று ஆறு பேரும் வாதாடி, பிரிந்து போகிறார்கள். மூன்று வருடம் "குழு எப்போதும் சரி" என்று எழுதவைத்தார்கள், கடைசிக் கதையில் 'குழு' என்று ஒன்றே இல்லாமல் போகிறது. எது சரி என்று அவரவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வடகரையான் சார், நீங்கள் கதவு திறந்து நிற்பதைச் சொன்னீர்கள். கதவுக்கு முன்னால் இது நடக்க வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்காகவாவது அந்தக் கதையைப் படமாக்கியிருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கோபம் என் கோபமும்தான்.

உங்கள் மகளிடம் அதைச் சொன்னீர்களா?

வடகரையான்

இன்று காலை சொன்னேன். சனிக்கிழமை, அதே நேரம், அதே பாய். திரைக்கதையை வைத்துக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொன்னேன். சண்டை வந்த இடத்தில் நெருங்கி வந்து உட்கார்ந்துகொண்டாள். வெஞ்சர் மகன் என்றதும் "எனக்கு முன்னாடியே சந்தேகம்" என்றாள். கதவு திறந்ததும், அவர்கள் போனார்களா இருந்தார்களா என்று எழுதவில்லை, நீயே சொல் என்றேன்.

முதலில் யூனியைப் பற்றிக் கேட்டாள். யூனி அந்த உலகத்துக் குட்டி ஆயிற்றே, இங்கே வந்தால் எங்கே கட்டிப்போடுவார்கள் என்று. அப்புறம் வெகுநேரம் யோசித்தாள். எல்லாரும் ஒரே மாதிரி முடிவெடுக்க வேண்டுமா என்று கேட்டாள். வேண்டியதில்லை என்றேன். அப்படியானால் எரிக் மட்டும் முதலில் போகட்டும், போய் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட்டு வரட்டும், மற்றவர்கள் யூனியோடு கதவுப் பக்கத்திலேயே நிற்கட்டும் என்றாள்.

செவ்வந்தி

ஏன் எரிக் என்று கேட்டீர்களா?

வடகரையான்

கேட்டேன். "அவன்தானே எப்பவும் வீட்டுக்குப் போகணும்னு சொல்லிக்கிட்டே இருந்தான். அவன் சொன்னா அம்மாங்க நம்புவாங்க" என்றாள்.

பகடை தம்பி, அடுத்த சனிக்கிழமை முதல் கதையிலிருந்து மறுபடி போடச் சொல்கிறாள். எனக்கு இன்னும் சிபிஎஸ் மேல் கோபம் போகவில்லை.

பகடை

இருக்கட்டும் அண்ணா. முதல் கதையிலிருந்தே போடுங்கள், வரிசை மாற்ற வேண்டாம். 'டிராகன்ஸ் கிரேவ்யார்ட்' வரும் அன்று மட்டும் கூடவே உட்காருங்கள்.